ப்ளகின் மாற்றியதும் வேர்ட்பிரஸ் தளம் விழுந்துவிட்டதா? அறிகுறியைப் பார்த்து மீட்கும் வழி

தளத்துக்குக் கூடுதல் வசதி தரும் ப்ளகின் ஒன்றை அப்டேட் செய்தீர்கள், அல்லது புதிதாக ஒன்றை ஆக்டிவேட் செய்தீர்கள். அடுத்த நொடி தளம் திறக்கவில்லை. பதற வேண்டாம். உங்கள் பதிவுகள் டேட்டாபேஸிலும் படங்கள் அப்லோட்ஸ் ஃபோல்டரிலும் பெரும்பாலும் அப்படியேதான் இருக்கும். நின்றுபோனது வேர்ட்பிரஸை இயக்கும் நிரல் மொழியான பிஎச்பியின் ஓட்டம் மட்டுமே. ஆக்டிவாக உள்ள எல்லாப் ப்ளகின்களையும் வேர்ட்பிரஸ் ஒவ்வொரு முறையும் ஒரே ஓட்டத்தில் ஏற்றுகிறது. அவற்றில் ஏதோ ஒன்றில் ஃபேட்டல் எரர் வந்தால் முழுத் தளமும் அங்கேயே நின்றுவிடும்.

கை வைக்கும் முன் இரண்டு விஷயங்கள். முதலாவது, எதையும் டெலீட் செய்யாதீர்கள். பெயரை மட்டும் மாற்றுங்கள். டாஷ்போர்டில் ஒரு ப்ளகினை டெலீட் செய்தால் அதன் அன்இன்ஸ்டால் நிரலும் ஓடும். பல ப்ளகின்கள் அந்த நேரத்தில் தங்கள் செட்டிங்ஸையும் டேபிள்களையும் அழித்துவிடும். ஃபார்ம் ப்ளகினாக இருந்தால் அதில் சேர்ந்த விண்ணப்பங்களும் போய்விடலாம். இரண்டாவது, எந்தப் ப்ளகின், எந்தப் பதிப்பிலிருந்து எந்தப் பதிப்புக்கு, எத்தனை மணிக்கு என்று குறித்துக்கொள்ளுங்கள். பிழைகள் பதிவாகும் லாக் ஃபைலில் சரியான வரியைப் பிடிக்க அந்த நேரம் வேண்டும்.

அறிகுறி: தளத்தில் கிரிட்டிக்கல் எரர் என்று ஒற்றை வரி

இது நல்ல நிலைமை. 2019 மே மாதம் வந்த வேர்ட்பிரஸ் 5.2 முதல், ஃபேட்டல் எரரைப் பிடித்து அட்மின் மின்னஞ்சலுக்குத் தகவல் அனுப்பும் ஏற்பாடு உள்ளது. எந்தப் ப்ளகின், எந்த ஃபைல், எத்தனையாவது வரி, பிஎச்பி பதிப்பு என்ன என்பதெல்லாம் அந்த மெயிலில் இருக்கும். கூடவே ரெகவரி மோடுக்கான, அதாவது பழுதான ப்ளகினை ஒதுக்கிவிட்டு உள்ளே நுழைவதற்கான, ஓர் இணைப்பும் வரும். வழக்கமாக அது ஒரு நாள் வரைதான் செல்லும். இணைப்பு காலாவதியானாலும் மெயிலை அழிக்காதீர்கள். பிழை விவரம் அதில்தான் இருக்கிறது.

மெயில் வரவில்லையா? தளத்தின் முகப்பைத் திறந்து எரர் வந்தால் மட்டும் வேர்ட்பிரஸ் மெயில் அனுப்புவதில்லை. லாகின் பக்கத்திலோ அட்மின் பகுதியிலோ எரர் வந்தால்தான் அனுப்பும். எனவே லாகின் முகவரியை ஒருமுறை திறந்து, அங்கேயும் அதே எரர் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் சில நிமிடங்களில் மெயில் கிளம்ப வேண்டும். அங்கே எரர் வராமல் லாகின் பக்கம் ஒழுங்காகத் திறந்தால் மெயிலே தேவையில்லை. உள்ளே போய் அந்தப் ப்ளகினை டீஆக்டிவேட் செய்தால் போதும்.

ஸ்பாம் ஃபோல்டரையும் பாருங்கள். மெயில் அனுப்பும் எஸ்எம்டிபி ப்ளகின் ஏறுவதற்குள் ஓட்டம் நின்றிருந்தால் சர்வரின் சாதாரண மெயில் வழியாகத்தான் அது வந்திருக்கும். ஜிமெயில் போன்றவை அதைச் சந்தேகிக்கும். பழைய டெவலப்பரின் முகவரியே அட்மின் மின்னஞ்சலாக இருக்கும் தளங்களும் ஏராளம். தளத்தின் அடிப்படை அமைப்புகள் உள்ள டபிள்யூபி-கான்ஃபிக் ஃபைலில் ரெகவரி_மோட்_ஈமெயில் என்ற மாறிலியில் (கான்ஸ்டன்ட்) உங்கள் முகவரியைக் கொடுத்தால் மெயில் உங்களுக்கு வரும்.

இணைப்பு வழியாக லாகின் செய்ததும் பிரச்சினைக்குரிய ப்ளகின் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கும். ஆனால் உங்களுக்கு மட்டும்தான்; வெளியிலிருந்து வருபவர்களுக்குத் தளம் இன்னும் விழுந்தேதான் கிடக்கும். உங்கள் திரையில் எல்லாம் ஓடுவதைப் பார்த்துவிட்டு வேலை முடிந்தது என்று பலர் நினைத்துக்கொள்வது இங்கேதான். ப்ளகின்ஸ் பக்கம் போய் அதை டீஆக்டிவேட் செய்துவிட்டு, மேல்பட்டையில் உள்ள எக்ஸிட் ரெகவரி மோட் பொத்தானை அழுத்துங்கள். பிறகு இன்காக்னிட்டோ விண்டோவில் தளத்தைத் திறந்து பாருங்கள்.

ஒரே வேர்ட்பிரஸில் பல தளங்கள் ஓடும் மல்ட்டிசைட்டில் நெட்வொர்க் முழுக்க ஆக்டிவேட் செய்த ப்ளகினுக்கு இந்த ஏற்பாடு வேலை செய்யாது. நேராக அடுத்த பகுதிக்குப் போங்கள்.

அறிகுறி: வெறும் வெள்ளைத் திரை, அல்லது 500 எரர், அட்மினும் திறக்கவில்லை

இங்கே முதல் வேலை லாக் பார்ப்பது. அதைப் பார்க்காமல் ப்ளகின்களை ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்ப்பது நேரத்தை வீணாக்கும். தவறான ப்ளகின்மேல் பழியும் விழும். ஹோஸ்டிங்கை நிர்வகிக்கும் சிபேனல் இருந்தால் எரர்ஸ் பகுதியிலோ, தளத்தின் மூல ஃபோல்டரில் உள்ள எரர்_லாக் ஃபைலிலோ கடைசி வரிகளைப் பாருங்கள். அங்கே எதுவும் இல்லையென்றால் வேர்ட்பிரஸின் லாகை இயக்க வேண்டும்.

டபிள்யூபி-கான்ஃபிக் ஃபைலை முதலில் உங்கள் கணினிக்கு நகலெடுங்கள். சர்வரிலேயே வேறு பின்னொட்டு கொடுத்து நகல் வைக்காதீர்கள். பிஎச்பி என்று முடியாத நகலை யார் வேண்டுமானாலும் பிரவுசரில் திறந்து டேட்டாபேஸ் பாஸ்வேர்டைப் படித்துவிடலாம். பிறகு அந்த ஃபைலில், இதற்குமேல் திருத்த வேண்டாம் என்று ஆங்கிலத்தில் சொல்லும் கமென்ட் வரிக்கு மேலே மூன்று மாறிலிகளை வையுங்கள்: டபிள்யூபி_டீபக் ட்ரூ, டபிள்யூபி_டீபக்_லாக் ட்ரூ, டபிள்யூபி_டீபக்_டிஸ்ப்ளே ஃபால்ஸ். முதலாவது ட்ரூவாக இல்லாவிட்டால் இரண்டாவதை வேர்ட்பிரஸ் கண்டுகொள்ளாது. டபிள்யூபி_டீபக் ஏற்கெனவே ஃபால்ஸ் என்று இருந்தால் அதையே திருத்துங்கள். கீழே இன்னொன்று சேர்த்தால் முதலில் இருப்பதே செல்லும். வாட்ஸ்அப்பிலிருந்து எடுத்து ஒட்டும்போது வளைந்த மேற்கோள் குறிகள் வந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அது ஒன்றே புதிதாக இன்னொரு எரரைக் கொண்டுவரும்.

இப்போது தளத்தை ஒருமுறை திறந்துவிட்டு, டபிள்யூபி-கன்டென்ட் ஃபோல்டரில் உருவாகியுள்ள டீபக் லாகைப் பாருங்கள். அதில் உள்ள நேரம் யுடிசி, அதாவது உலகப் பொது நேரம். இந்தியாவிலோ இலங்கையிலோ மாலை 4.00 மணிக்கு நடந்தது லாகில் 10.30 என்று இருக்கும். வார்னிங், நோட்டீஸ், டெப்ரிகேட்டட் என்று தொடங்கும் வரிகள் நூற்றுக்கணக்கில் இருக்கலாம். அவை தளத்தை நிறுத்துவதில்லை. ஃபேட்டல் எரர், பார்ஸ் எரர் என்ற இரண்டை மட்டும் தேடுங்கள். மாதிரிக்கு ஒரு வரி:

பிஎச்பி ஃபேட்டல் எரர்: அன்காட் எரர்: கால் டு அன்டிஃபைன்ட் ஃபங்ஷன் … இன் …/டபிள்யூபி-கன்டென்ட்/ப்ளகின்ஸ்/பில்லிங்-ஆட்ஆன்/லோடர்.பிஎச்பி:42

ப்ளகின்ஸ் என்பதற்கு அடுத்து வருவது ஃபோல்டரின் பெயர். கடைசி எண் வரி எண். எரர் எழுந்த இடம் அது. ஆனால் காரணம் எப்போதும் அங்கேயே இருக்காது. கடை நடத்தும் ப்ளகினான வூகாமர்ஸை அப்டேட் செய்தீர்கள், லாக் அதோடு சேர்ந்து ஓடும் ஒரு பில்லிங் ஆட்ஆனைக் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். வூகாமர்ஸ் கைவிட்ட ஒரு ஃபங்ஷனை அந்த ஆட்ஆன் இன்னும் அழைத்துக்கொண்டிருக்கலாம். அப்படியென்றால் வூகாமர்ஸைத் தொட வேண்டியதில்லை. ஆட்ஆனை நிறுத்திவிட்டு அதற்குப் புதிய பதிப்பு வந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எரருக்குக் கீழே உள்ள ஸ்டாக் ட்ரேஸ், யார் யாரை அழைத்தார்கள் என்பதைக் காட்டும்.

எரரின் வகையும் காரணத்தைச் சொல்லும். பார்ஸ் எரர் வந்தால் பெரும்பாலும் பிஎச்பி பதிப்புதான் பிரச்சினை: ப்ளகின் 8.1-க்கு எழுதப்பட்டது, சர்வரில் ஓடுவது 7.4. பழைய ப்ளகினை 8-இல் ஓட்டினால் தலைகீழாக நடக்கும். கிரியேட்_ஃபங்ஷன் போன்றவை 8.0-இல் நீக்கப்பட்டுவிட்டதால் அன்டிஃபைன்ட் என்று வரும். கேனாட் ரீடிக்ளேர் என்று வந்தால் ஒரே பெயருள்ள ஃபங்ஷன் இரண்டு இடங்களில் இருக்கிறது. ஒரே ப்ளகினின் இலவசப் பதிப்பும் கட்டணப் பதிப்பும் சேர்ந்து ஓடும்போது இது நடக்கும். ஃபெயில்டு ஓப்பனிங் ரிக்வயர்டு என்று வந்தால் அப்டேட் பாதியில் நின்று சில ஃபைல்கள் வந்து சேரவில்லை. ஹோஸ்டிங்கில் இடமோ ஐநோட் எண்ணிக்கையோ (வைக்கக்கூடிய ஃபைல்களின் எண்ணிக்கை) தீர்ந்துவிட்டதா என்று பார்த்துவிட்டு அதே பதிப்பை முழுதாக மறுபடி ஏற்றுங்கள்.

ப்ளகின் எது என்று தெரிந்ததும், சர்வர் ஃபைல்களைக் கையாளும் எஃப்டிபியிலோ ஃபைல் மேனேஜரிலோ அதன் ஃபோல்டர் பெயருக்குப் பின்னால் ஆஃப் என்று சேர்த்துப் பெயரை மாற்றுங்கள். ஃபைல் இல்லாததால் வேர்ட்பிரஸ் அதைத் தவிர்த்துவிட்டு மேலே போகும். சர்வரில் நேரடியாகக் கட்டளை இட எஸ்எஸ்எச் அனுமதி இருந்தால், வேர்ட்பிரஸின் கட்டளைவரிக் கருவியான டபிள்யூபி-சிஎல்ஐ இன்னும் வேகம். ஆனால் ப்ளகின் டீஆக்டிவேட் கட்டளையோடு ஸ்கிப்-ப்ளகின்ஸ், ஸ்கிப்-தீம்ஸ் என்ற இரண்டையும் சேர்க்க மறந்துவிடாதீர்கள். சேர்க்காவிட்டால் அந்தக் கட்டளையே உடைந்த ப்ளகினை ஏற்றி, அதே எரரில் விழும்.

எது என்றே தெரியவில்லை என்றால் ப்ளகின்ஸ் ஃபோல்டர் முழுவதற்கும் பெயர் மாற்ற வேண்டும். இதில் வரிசை முக்கியம்:

1. ப்ளகின்ஸ் ஃபோல்டரின் பெயரை ப்ளகின்ஸ்-பழையது என்பதுபோல் ஆங்கில எழுத்தில் மாற்றுங்கள்.
2. லாகின் செய்து, டாஷ்போர்டின் ப்ளகின்ஸ் பக்கத்தைக் கட்டாயம் ஒருமுறை திறங்கள். அந்தப் பக்கம் திறக்கும்போதுதான் ஃபைல் இல்லாத ப்ளகின்களை வேர்ட்பிரஸ் ஆக்டிவ் பட்டியலிலிருந்து எடுக்கிறது.
3. ஃபோல்டருக்குப் பழைய பெயரைத் திருப்பிக் கொடுங்கள். எல்லாம் டீஆக்டிவேட் ஆன நிலையில் தெரியும்.
4. ஒவ்வொன்றாக ஆக்டிவேட் செய்து, ஒவ்வொரு முறையும் வேறு விண்டோவில் தளத்தின் முகப்பைப் பாருங்கள்.

இரண்டாவது படியை விட்டுவிட்டு மூன்றாவதுக்குப் போனால் எல்லாம் மறுபடி ஆக்டிவாகித் தளம் அப்படியே விழும். செட்டிங்ஸ் எதுவும் போகாது; அவை டேட்டாபேஸில் இருக்கின்றன.

எஃப்டிபியும் இல்லை, டேட்டாபேஸைத் திறந்து திருத்தும் பிஎச்பிமைஅட்மின் மட்டும்தான் இருக்கிறது என்றால், ஆப்ஷன்ஸ் டேபிளில் ஆக்டிவ்_ப்ளகின்ஸ் என்ற வரிசையைத் தேடுங்கள். டேபிளின் முன்னொட்டு உங்கள் தளத்தில் வேறாக இருக்கலாம். அதன் மதிப்பை நோட்பேடில் நகலெடுத்து வைத்துவிட்டு, புலத்தைக் காலியாக்கிச் சேமியுங்கள். உள்ளே இருக்கும் எழுத்துகளைக் கையால் திருத்தப் பார்க்காதீர்கள். ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் அதன் நீளம் எண்ணாக எழுதப்பட்டிருக்கும். ஓர் எழுத்து குறைந்தாலும் முழுப் பட்டியலும் செல்லாததாகிவிடும். மல்ட்டிசைட்டில் இதற்கு இணையான பதிவு சைட்மெட்டா டேபிளில் உள்ளது.

அறிகுறி: பராமரிப்பில் உள்ளது, ஒரு நிமிடம் கழித்து வாருங்கள் என்ற செய்தி

அப்டேட் தொடங்கும்போது வேர்ட்பிரஸ் தன் மூல ஃபோல்டரில் புள்ளியில் தொடங்கும் மெயின்டனன்ஸ் என்ற ஃபைலை எழுதும், முடிந்ததும் அழிக்கும். நடுவில் பிரவுசரை மூடினாலோ சர்வர் நேரம் முடிந்தாலோ அது அங்கேயே தங்கிவிடும். அந்த ஃபைலை நீக்கினால் தளம் வந்துவிடும்; டெலீட் செய்யக் கூடாது என்ற விதிக்கு இது மட்டும் விலக்கு. ஃபைல் மேனேஜரில் அது தெரியவில்லை என்றால் செட்டிங்ஸில் மறைந்த ஃபைல்களைக் காட்டும் விருப்பத்தைத் தேர்ந்தெடுங்கள். 10 நிமிடங்களுக்கு மேல் பழையதானால் வேர்ட்பிரஸே அதைப் பொருட்படுத்தாது. எனவே அரைமணி கழித்தும் அதே செய்தி வந்தால் கேஷில் (முன்பே சேமித்து வைத்த நகலில்) சிக்கிய பக்கம் என்று கொள்ளுங்கள். ஆனால் தளம் வந்ததும், பாதியில் நின்ற ப்ளகினை மறுபடி முழுதாக ஏற்றியே ஆக வேண்டும்.

அறிகுறி: மெமரி தீர்ந்துவிட்டது என்ற எரர்

லாகில் அலவ்டு மெமரி சைஸ் 268435456 என்று வந்தால் அது 256 எம்பி. இந்த வகை எரரில் காட்டப்படும் ஃபைலை நம்பாதீர்கள். கடைசிச் சொட்டு மெமரியைக் கேட்டது அதுதானே தவிர, மீதியைத் தின்றது வேறொன்றாக இருக்கலாம். லாகில் வரும் அளவு அதைவிடக் குறைவாக இருந்தால் டபிள்யூபி_மெமரி_லிமிட் மாறிலியில் 256 எம் கொடுத்துப் பாருங்கள்; தனித் தளத்துக்கு வேர்ட்பிரஸ் வைத்திருக்கும் இயல்பு அளவு 40 எம்தான். ஹோஸ்டிங் நிறுவனம் தன் பக்கம் உச்சவரம்பு வைத்திருந்தால் இந்த மாறிலி அதைத் தாண்டாது. சிபேனலின் பிஎச்பி செட்டிங்ஸில் உயர்த்த வேண்டும். 512 கொடுத்தும் தீர்ந்தால் மேலும் உயர்த்துவதில் பயனில்லை. ப்ளகின் பெரும்பாலும் முடிவில்லாத சுழற்சியில் மாட்டியிருக்கும், அதை நிறுத்துங்கள்.

அறிகுறி: எல்லாப் ப்ளகினையும் நிறுத்தியும் 500 எரர் போகவில்லை

ப்ளகின்ஸ் ஃபோல்டருக்கு வெளியே ப்ளகின்கள் விட்டுச்செல்லும் ஃபைல்கள்தான் இங்கே வில்லன். பாதுகாப்பு, கேஷ் ப்ளகின்கள் இதில் முன்னணியில் இருக்கும்.

முதலில் மூல ஃபோல்டரில் சர்வருக்கு விதிகளைச் சொல்லும், புள்ளியில் தொடங்கும் ஹெச்டிஅக்சஸ் ஃபைல். அதற்குப் பெயர் மாற்றித் தளத்தைத் திறந்து பாருங்கள். முகப்பு திறந்தால் குற்றவாளி கிடைத்துவிட்டது. உள்பக்கங்கள் 404 காட்டினால் பயப்பட வேண்டாம். செட்டிங்ஸில் பெர்மாலிங்க்ஸ் பக்கம் போய் எதையும் மாற்றாமல் சேமித்தால் புதிய ஃபைல் எழுதப்படும். பழையதில் நீங்கள் கையால் சேர்த்த ரீடைரக்ட் விதிகள் இருந்தால் அவற்றை மட்டும் எடுத்து வையுங்கள்.

அடுத்து டபிள்யூபி-கன்டென்ட் ஃபோல்டருக்குள் நேரடியாகக் கிடக்கும் ஆப்ஜெக்ட்-கேஷ், அட்வான்ஸ்டு-கேஷ், டிபி என்ற பிஎச்பி ஃபைல்கள். இவற்றை டிராப்-இன் என்பார்கள். ப்ளகின்ஸ் பக்கத்தில் டீஆக்டிவேட் செய்ய முடியாது. பெயரை மாற்றித்தான் நிறுத்த வேண்டும். எம்யு-ப்ளகின்ஸ் ஃபோல்டரும் இதே வகை. அதில் உள்ளவை தாமாகவே ஓடும். ஹோஸ்டிங் நிறுவனம் வைத்த ஃபைல்களும் அங்கே இருக்கலாம். ஆகவே ஒவ்வொன்றாகச் சோதியுங்கள்.

கடைசியாக, மூல ஃபோல்டரில் புள்ளி யூசர் ஐஎன்ஐ ஃபைல். சில ஃபயர்வால் ப்ளகின்கள் வேர்ட்பிரஸுக்கும் முன்னால் தங்கள் ஃபைல் ஓட வேண்டும் என்று ஆட்டோ_ப்ரீபென்ட்_ஃபைல் வரியை அதில் எழுதி வைக்கும். அந்த வரி சுட்டும் ஃபைலை நீக்கிவிட்டால் வேர்ட்பிரஸ் தொடங்கவே தொடங்காது. வரியை எடுத்துவிட்டு 5 நிமிடம் பொறுங்கள். பிஎச்பி இந்த ஃபைலை இயல்பாக 300 நொடிகளுக்கு ஒருமுறைதான் மறுபடி படிக்கும். அவசரப்பட்டு, இதுவும் பலிக்கவில்லை என்று வேறு எதையாவது உடைத்துவிடாதீர்கள்.

அறிகுறி: லாகின் பக்கம் 404, அல்லது சுற்றிச் சுற்றி ரீடைரக்ட்

லாகின் முகவரியை மறைக்கும் ப்ளகின் இருந்தால், அதன் ஃபோல்டர் பெயரை மாற்றியதும் வழக்கமான டபிள்யூபி-லாகின் முகவரி திரும்பிவிடும். தளத்தைப் பாதுகாப்பான எச்டிடிபிஎஸ் இணைப்புக்கு மாற்றும் எஸ்எஸ்எல் ப்ளகினை மாற்றிய பின் டூ மெனி ரீடைரக்ட்ஸ் வந்தால், எச்டிடிபி, எச்டிடிபிஎஸ் இரண்டுக்கும் இடையே தளம் பந்தாடப்படுகிறது. டபிள்யூபி_ஹோம், டபிள்யூபி_சைட்யூஆர்எல் இரண்டு மாறிலிகளிலும் எச்டிடிபிஎஸ் முகவரியை நேரடியாக எழுதுங்கள். தளத்துக்கு முன்னால் நிற்கும் கிளவுட்ஃபிளேர் சேவையைப் பயன்படுத்தினால் அதன் எஸ்எஸ்எல் முறை ஃப்ளெக்ஸிபிளில் இருக்கிறதா என்று பாருங்கள். சர்வரில் சான்றிதழ் இருக்கும்போது அது ஃபுல் ஸ்ட்ரிக்டில் இருக்க வேண்டும்.

தளம் வந்தபின்: பழைய பதிப்புக்குத் திரும்புவது

நிறுத்திய ப்ளகின் இல்லாமல் தளம் ஓடாது என்றால், பழைய பதிப்பை ஏற்றுங்கள். வேர்ட்பிரஸ்.ஆர்க் தளத்தில் அந்தப் ப்ளகினின் பக்கத்தில் அட்வான்ஸ்டு வியூ போய், அடியில் பழைய பதிப்புகளின் பட்டியலிலிருந்து ஜிப்பை இறக்குங்கள். வேர்ட்பிரஸ் 5.5 முதல் அந்த ஜிப்பை டாஷ்போர்டில் அப்லோடு செய்தாலே, இருப்பதை மாற்றிக்கொள்ளவா என்று கேட்கும். அந்தப் ப்ளகினுக்கு ஆட்டோ அப்டேட்டை அணைத்துவிடுங்கள். இல்லையேல் அதே பதிப்பு தானாக மறுபடி வந்துவிடும். 6.6 பதிப்பு முதல் ஆட்டோ அப்டேட்டால் ஃபேட்டல் எரர் வந்தால் வேர்ட்பிரஸே பழையதற்குத் திரும்பும். ஆனால் அது முகப்புப் பக்கத்தைத்தான் அழைத்துச் சோதிக்கிறது. செக்அவுட் பக்கத்தில் மட்டும் வரும் எரரை அது பார்க்காது.

ஒரு விஷயத்தில் மிகுந்த கவனம் வேண்டும். புதிய பதிப்பு டேட்டாபேஸின் அமைப்பையும் மாற்றியிருந்தால், ஃபைலை மட்டும் பழையதாக்குவது ஆபத்து. பழைய நிரலுக்குப் புதிய டேபிள்கள் புரியாமல், தளம் வெளியே ஓடுவதுபோல் தெரிந்தாலும் தரவு கெட்டுக்கொண்டிருக்கும். வூகாமர்ஸ் போன்றவற்றில் டேட்டாபேஸ் அப்டேட் பொத்தானை அழுத்தியிருந்தால், ஃபைலும் டேட்டாபேஸும் ஒரே நேரத்தில் எடுத்த பேக்கப்பிலிருந்துதான் சேர்த்து மீட்க வேண்டும். அப்படி மீட்டால் பேக்கப்புக்குப் பின் வந்த ஆர்டர்கள் மறைந்துவிடும். அதனால் மீட்கும் முன் இப்போதுள்ள டேட்டாபேஸை முழுதாக எக்ஸ்போர்ட் செய்து வையுங்கள். பணம் செலுத்திய ஆர்டர்களைப் பேமென்ட் கேட்வேயின் பட்டியலோடு ஒப்பிட்டு ஒவ்வொன்றாகச் சேருங்கள். காசு கொடுத்தவரின் ஆர்டர் காணாமல் போவது, தளம் ஒரு மணி நேரம் நிற்பதைவிடப் பெரிய இழப்பு. ஆர்டர் வந்துகொண்டிருக்கும் கடையில் பேக்கப் மீட்பைக் கடைசி வழியாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் சரிசெய்தும் பழைய எரரே வருகிறது என்றால் கேஷ்களை வரிசையாகக் காலியாக்குங்கள். சர்வரில் ஓபிகேஷ் பழைய பிஎச்பி நிரலையே வைத்திருக்கலாம். சிபேனலில் பிஎச்பி பதிப்பை மாற்றிவிட்டு மறுபடி பழையதற்கே கொண்டுவருவது பெரும்பாலும் அதைத் தீர்க்கும். டேட்டாபேஸ் தரவை நினைவகத்தில் வைத்திருக்கும் ரெடிஸ் இருந்தால் ஃப்ளஷ் செய்யுங்கள். டேட்டாபேஸில் மாற்றிய ஆக்டிவ் பட்டியல் அதில் பழையபடியே இருக்கலாம். பிறகு பக்கக் கேஷ், கடைசியில் சிடிஎன் (தளத்தின் நகலைப் பல இடங்களிலிருந்து அனுப்பும் சேவை). இதற்கு நேர்மாறும் உண்டு: கேஷிலிருந்து வரும் முகப்பு அழகாகத் தெரியும், உள்ளே தளம் விழுந்திருக்கும். முகவரிக்குப் பின்னால் கேள்விக்குறி போட்டு ஏதாவது ஓர் எண்ணைச் சேர்த்துத் திறந்தால் பெரும்பாலும் கேஷைத் தாண்டிய உண்மை நிலை தெரியும். முகப்போடு நிறுத்தாமல் ஒரு பதிவு, தொடர்புப் படிவம், கூடை, செக்அவுட் எல்லாவற்றையும் லாகின் செய்யாத நிலையில் திறந்து பாருங்கள்.

வேலை முடிந்ததும் டபிள்யூபி_டீபக்கை ஃபால்ஸ் ஆக்குங்கள். டீபக் லாகை உங்கள் கணினிக்கு இறக்கிக்கொண்டு சர்வரிலிருந்து நீக்குங்கள். பல சர்வர்களில் அது பிரவுசரில் நேரடியாகத் திறக்கக்கூடிய ஃபைல், சர்வரின் ஃபோல்டர் பாதைகள் அத்தனையும் அதில் இருக்கும். ஆஃப் என்று பெயர் மாற்றிய ஃபோல்டரையும் ப்ளகின்ஸுக்குள் விட்டுவைக்காதீர்கள். உள்ளே ப்ளகின் ஃபைல் இருப்பதால் டாஷ்போர்டில் அது இன்னொரு பிரதியாகத் தெரியும். யாராவது ஆக்டிவேட் செய்துவிடலாம். அதைக் கணினிக்கு இறக்கி வைத்துவிட்டு, சர்வரில் இருப்பதை எஃப்டிபி வழியாக நீக்குங்கள். அப்படி நீக்கும்போது அன்இன்ஸ்டால் நிரல் ஓடாது, செட்டிங்ஸ் பத்திரமாக இருக்கும். லாகில் கிடைத்த எரர் வரி, ப்ளகின் பதிப்பு, வேர்ட்பிரஸ் பதிப்பு, பிஎச்பி பதிப்பு ஆகியவற்றைச் சேர்த்து ப்ளகின் ஆசிரியரின் சப்போர்ட் பக்கத்தில் பதியுங்கள். தளம் விழுந்துவிட்டது என்று மட்டும் எழுதினால் அவர் இந்த நான்கையும்தான் முதலில் கேட்பார்.